பதினோரு தாம்பூலப் பை

இங்க உட்காரலாமாம்மா? வேற சீட்டு இல்ல. இருந்திருந்தா சத்தியமா உன் பக்கத்துல வந்து உட்கார்ந்திருக்க மாட்டேன். நீ என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டே, நானும் பார்த்தேன். திரும்பிக்கோ, தப்பே இல்ல. உன் இடத்துல நான் இருந்திருந்தா திரும்பினதோட விட்டிருக்க மாட்டேன், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

பாப்பா தூங்கிடுச்சா? காலை வேணா என் மடியில போடும்மா. விடிஞ்சதுலேர்ந்து நின்ன காலு, நொந்துபோயிருக்கும். வேணாமா? சரி, சரி. நான் ஓரமா உட்கார்ந்துக்கறேன்.

நான் மதுராந்தகத்துல இறங்கிடுவேன். நீ வந்தவாசி வரைக்கும் போகணும். காலையில பார்க் வாசல் க்யூவுல நீதானே சொன்னே, முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்தோம்னு. ரெண்டு பேரும் எவ்வளவு நல்லா பேசிக்கிட்டிருந்தோம். நான் பாத்ரூம் போனப்போ என் பையெல்லாம் நீதான் பார்த்துக்கிட்டே. ஒரு ஆளு காலால தள்ளப் பார்த்தான்னு நீ அவன்கூட சண்டைகூடப் போட்டியாமே, பின்னாடி நின்ன அம்மா சொன்னாங்க. எனக்காக! அதை நெனைச்சா எனக்கு இந்த பஸ்ஸிலேர்ந்து அப்படியே குதிச்சுடலாம் போல இருக்கு.

ஆனா நீ பார்த்தது பாதிதாம்மா. மீதியைக் கேட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டு. நான் ஒண்ணும் அப்படிப்பட்ட பொம்பளை இல்ல. ஊர்ல வந்து கேட்டுப் பாரு, அம்சவேணின்னா எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறேன். இன்னைக்கு எத்தனை பசங்கன்னு டீச்சர் சொல்வாங்க, அந்தக் கணக்குக்கு அரிசி போடுவேன். ஒரு புள்ளை பசியோட போனதில்ல, ஒரு பருக்கை வீணானதும் இல்ல. எனக்குன்னு தனியா அரிசி போட மாட்டேன், அடியில ஒட்டினது இருந்தா அதுவே போதும். இல்லாட்டி ஒரு டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவேன். பழகிப்போச்சு.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டார். ஒரே பொண்ணு, மோனிஷா. வைகாசியில கல்யாணம் பண்ணிக் குடுத்தேன். கடன உடன வாங்கித்தான், அதை விடு. எல்லாம் நல்லபடியா போய்க்கிட்டிருந்துச்சு, கடைசிப் பந்தியில பாயசம் தீர்ந்துபோச்சு. வெறும் பாயசம். மாப்பிள்ளையோட சித்தப்பா அந்தப் பந்தியில உட்கார்ந்திருந்தார். சம்பந்தி அம்மா சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, "ஆம்பளை இல்லாத வீடுதானே, முன்னப் பின்னத்தான் இருக்கும்"னு. சிரிச்சுக்கிட்டேதான். நல்லவங்க அவங்க, மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாங்க. ஆனா என் பொண்ணு முகம் அப்படியே செத்துப்போச்சும்மா. மாலையும் கழுத்துமா நிக்குது, கண்ணுல தண்ணி. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே எங்க வீட்டால அவ தலை குனியக் கூடாதுன்னு.

இப்ப இது தலை தீபாவளி. பொண்ணும் மாப்பிள்ளையும் வருவாங்கன்னு பார்த்தேன். வீடே வந்துடுச்சு. சம்பந்தி, சம்பந்தி அம்மா, அந்தச் சித்தப்பா, அவர் சம்சாரம், மாப்பிள்ளையோட தங்கச்சி, அவ புருஷன், பசங்க மூணு. வரட்டுமே, வந்தாத்தானே பெருமை. பக்கத்து வீட்டுல பாய் வாங்கினேன், எதிர்வீட்டுல ஃபேன் வாங்கினேன். ஆட்டுக்கறி, அதிரசம், முறுக்கு, ஒண்ணுலயும் குறை வைக்கல. பாயசம் மட்டும் ரெண்டு குண்டான் வச்சேன். மிச்சமாயிடுச்சு, நேத்து ராத்திரி தெருவுக்கே குடுத்தோம்.

அப்பத்தான் அந்தப் பசங்க ஆரம்பிச்சுதுங்க. பார்க்குக்குப் போகணும், தண்ணியில சறுக்கணும், பெரிய ராட்டினத்துல ஏறணும். மாப்பிள்ளை போனைத் தட்டிப் பார்த்துட்டுச் சொன்னார், "ஆன்லைன்ல டிக்கெட் முடிஞ்சுபோச்சு. தீபாவளி லீவுல கூட்டம் தாங்காது. நேர்ல போறவங்களுக்குக் கொஞ்சம்தான் வச்சிருப்பான், நிறைஞ்சா கதவை மூடிடுவான்"னு. அவர் விவரமானவர். சொன்னதைக் கேட்டுட்டுப் பேசாம இருந்திருக்கலாம் நான். பசங்க மூஞ்சியத் தொங்கப் போட்டதும், சம்பந்தி அம்மா "சரி விடுங்க, இங்க வந்தா இதுக்கெல்லாம் எங்க போறது"ன்னாங்க. எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. "நீங்க நிதானமா எழுந்து, குளிச்சு, சாப்பிட்டு வாங்க மாப்பிள்ளை. இடத்தை நான் பிடிச்சு வைக்கிறேன்"னுட்டேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க பாரு! சம்பந்தி அம்மா மோனிஷா தோளைத் தட்டி, "உங்க அம்மா கெட்டிக்காரிதாண்டி"ன்னாங்க. என் பொண்ணு என்னை ஒரு பார்வை பார்த்தா. அந்தப் பார்வைக்காக நான் நடந்தேகூட பார்க்குக்குப் போயிருப்பேன்.

டிக்கெட்டுக்குப் பணத்தையும் ராத்திரியே மோனிஷாகிட்ட குடுத்து, மாப்பிள்ளை பாக்கெட்டுல வைக்கச் சொன்னேன். கவுண்டர்ல அவர் எடுத்துக் குடுத்தாத்தான் அழகு. மாமியார் பர்ஸைத் தொறக்கிறதை நாலு பேர் பார்த்தா அவருக்குத்தானே கௌரவக் குறைச்சல்?

அந்தப் பைங்கதான் உனக்குத் தெரியுமே. கல்யாணத்துல மிச்சமான தாம்பூலப் பை. தினகரன் மோனிஷான்னு செவப்புல அச்சடிச்சது. எங்க தெருவுல தண்ணி லாரிக்குக் குடம் வச்சா அந்தக் குடத்துக்கு ஒரு ஆள்னு அர்த்தம், ரேஷன் கடையில பை வச்சா பைக்கு ஒரு ஆள். யாரும் தாண்ட மாட்டாங்க. அதே நியாயம்தானே எங்கயும்? தலைக்கு ஒரு பைன்னு எண்ணி எடுத்தேன். மாப்பிள்ளை, மோனிஷா, மத்தவங்க, மொத்தம் பதினொண்ணு. காத்துல பறக்காம இருக்க ஒவ்வொண்ணுலயும் ஒரு கல்லு. இட்லிய ஊத்தி வச்சுட்டு, சட்னிய அரைச்சு வச்சுட்டு, கல்லைச் சுமந்துக்கிட்டு பஸ் ஏறினேன்.

வரிசையா வச்சதும் அந்த செக்யூரிட்டி கேட்டானே, "என்னம்மா, உள்ள கல்யாணமா?"ன்னு. நீகூடச் சிரிச்சே. நான் வச்ச பைக்குப் பின்னாடி வந்து நின்னுட்டு, "அக்கா, இத்தனை பையா?"ன்னு மட்டும் கேட்டே. ஒரு வார்த்தை சண்டை போடல. உங்க ஊர்லயும் தண்ணி லாரிதான் போல.

கையில பட்டை கட்டுவான்னு எனக்குத் தெரியாதும்மா. அதான் நான் பண்ண தப்பு. டிக்கெட்டுதானே, சினிமாக் கொட்டாய் மாதிரி மொத்தமா வாங்கி வச்சுக்கலாம், அவங்க வந்ததும் குடுத்துக்கலாம்னு இருந்தேன். க்யூ நகர நகரப் பையைக் காலால தள்ளிக்கிட்டே முன்னாடி போறேன். கவுண்டருக்குக் கிட்டப் போனதும் அந்தப் பையன் சொல்றான், "ஆள் நேர்ல நிக்கணும்மா. ஒவ்வொருத்தர் கையிலயும் பட்டை கட்டித்தான் விடுவோம். உள்ள இவ்வளவு பேருக்கு மேல போகக் கூடாது, தண்ணியில நெரிசலாச்சுன்னா ஆபத்து"ன்னு. மோனிஷாவுக்கு போன் போட்டா, டோல்கேட்டுல வேன் நிக்குதுங்கறா. சித்தப்பா நடுவுல டீ குடிக்கணும்னாராம்.

அப்பத்தான் மைக்குல சொன்னான், இன்னும் கொஞ்சம் பேருக்குத்தான் இடம்னு. கவுண்டர்ல "அடுத்து வாங்க"ன்னான். அடுத்து நீ. நீயும் பாப்பாவும். பாப்பா குதிச்சுக்கிட்டு ஒரு அடி எடுத்து வச்சுது. நான் குறுக்க கையை நீட்டினேன்.

நீட்டிட்டேனே! புள்ளை நெஞ்சுல என் கை இடிச்சுது. "எங்க ஆளுங்க வந்துட்டாங்க, பை இருக்குல்ல, கண்ணு தெரியலையா?"ன்னு கத்தினேன். அதுக்கு முன்னாடி வரைக்கும் உன்னைத் தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிட்ட வாய் இது. பின்னாடி ஜனமெல்லாம் கூச்சல். "பைக்கெல்லாம் டிக்கெட்டா, கிழவிக்குக் கொழுப்பப் பாரு"ன்னு ஒருத்தன். நான் அசையல. பாறாங்கல்லு மாதிரி நின்னேன்.

வேன் வந்துடுச்சு. ஓடி வந்தாங்க எல்லாரும். சம்பந்தி அம்மாவைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல, ஒரு தெம்பு, ஒரு திமிரு. ஒவ்வொரு பையா எடுக்கறேன், "வாங்க மாப்பிள்ளை, இங்க நில்லுங்க, சம்பந்தி, நீங்க இங்க"ன்னு பந்தியில உட்கார வைக்கிற மாதிரி நிறுத்தறேன். அப்ப நீ என் முந்தானையப் பிடிச்சு மெதுவாத்தான் கேட்டே. "அக்கா, எங்க ரெண்டு பேரை மட்டும் முன்னாடி விடுங்களேன், ஷூ கம்பெனியில இன்னைக்கு ஒருநாள்தான் லீவு குடுத்தான்"னு. நான் என்ன சொன்னேன்? நீ மறந்திருக்க மாட்டே. "உனக்கென்னம்மா, நீயும் புள்ளையும்தானே, எப்ப வேணாலும் வந்துக்கலாம். இவங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க"ன்னேன். சம்பந்தி அம்மா காதுல விழட்டும்னே கொஞ்சம் சத்தமாச் சொன்னேன். வெக்கமா இருக்கும்மா. சொல்லும்போதே நாக்கு கூசுது.

அப்புறம் நடந்ததைத்தான் நீ கண்ணால பார்த்தியே. மாப்பிள்ளை பணத்தை எடுத்தார், "பதினொண்ணு"ன்னார். பட்டை கட்டினான், கட்டினான், ஒவ்வொருத்தரா உள்ள போனாங்க. கடைசியா மோனிஷா, நாத்தனார் புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு. அவளுக்குக் கட்டினதும் நான் கையை நீட்டினேன். அவன் கயித்தை இழுத்து மாட்டிட்டான். "முடிஞ்சுதும்மா, ஃபுல்லு"ன்னான்.

அது கூட்டத்தால ஆனதும்மா. இத்தனை பேருக்குன்னு ஒரு கணக்கு வச்சிருப்பான், அது சரியா அங்க வந்து முடிஞ்சா யார் என்ன பண்றது? மாப்பிள்ளை பதினொண்ணுன்னு சொன்னது வேற. பை பதினொண்ணுதானே இருந்துச்சு, அதை எண்ணியிருப்பார். நானே எனக்குப் பை வைக்கல, அவருக்கு எப்படித் தெரியும்? அவரைக் குத்தம் சொல்லக் கூடாது. நீ ஏன் இப்படிப் பார்க்கறே? நீ நினைக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல.

மோனிஷான்னு கூப்பிட்டேன். கூப்பிட்டேன்ல? உனக்குக் கேட்டுச்சுதானே? அங்க மைக்கு, பாட்டு, ஜனம். அவளுக்குக் கேட்டிருக்காது. நான் பின்னாடியே வர்றேன்னு நினைச்சிருப்பா. அவ திரும்பிப் பார்க்காத பொண்ணு இல்லம்மா.

எனக்கு அவங்க விட்டுட்டுப் போனதுகூடப் பெருசாத் தெரியல. நீட்டின கையோட திரும்பினேன் பாரு, எதிர்ல நீ. பாப்பா உன் புடவையில மூஞ்சியப் புதைச்சு அழுவுது. நான் யாரைத் தள்ளி நிறுத்தினேனோ அவங்க பக்கத்துலயே நானும் நிக்கறேன். பின்னாடி ஒருத்தன் கெக்கெக்கேன்னு சிரிச்சான். நீ சிரிக்கல. சிரிச்சிருக்கலாம். நீ குனிஞ்சு, கீழ கிடந்த அந்தப் பையெல்லாம் பொறுக்கி, கல்லைக் கொட்டிட்டு, மடிச்சு என் கையில குடுத்தே. "பேரு போட்டிருக்கு, மிதிபடப் போகுதுக்கா"ன்னே. அடிச்சிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. அங்கயே கால்ல விழுந்திருக்கணும் நான். அதுக்கும் மானம் தடுத்துச்சு. உன்னைத் திரும்பிப் பார்க்காம பஸ் ஸ்டாப்புக்கு ஓடி வந்தேன், அங்கயும் நீ, பஸ்ஸிலயும் நீ. தூண் மறைவுல நின்னுக்கிட்டிருந்தேன்மா, உனக்குத் தெரியாது.

இரு, போன் அடிக்குது. மோனிஷாதான்.

சொல்லுடா. ஆங், கேக்குது... இங்கதாண்டா இருக்கேன். உள்ளதான். நீங்க முன்னாடி போயிட்டீங்களா, அந்த நெரிசல்ல எனக்குக் கொஞ்சம் லேட்டாச்சு, அடுத்த கவுண்டர்ல கட்டிட்டு வந்துட்டேன்... எங்கன்னா, ஒரு மரத்தடியில, நிழலா இருந்துச்சு உட்கார்ந்துட்டேன்... யாரு, அத்தை கேட்டாங்களா? தேட வேணாம்னு சொல்லு. மாப்பிள்ளையை ஏண்டி அனுப்பறே, வேணாம் வேணாம்... என்ன சத்தமா? ராட்டினம்டா. சர்ருனு வருதுல்ல... யாரும் செங்கல்பட்டுன்னு கத்தல, பக்கத்துல யாரோ ஊரைப் பத்திப் பேசிக்கிட்டிருக்காங்க. நீங்க ஆசைதீர விளையாடுங்க. நான் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துட்டு முன்னாடியே கிளம்பிடறேன், ராத்திரிக்குச் சமைக்கணும்ல. அத்தைக்குச் சப்பாத்தியா, இட்லியா?... சரி, சப்பாத்தி. வச்சுடறேன்.

என்னை இப்படிப் பார்க்காதம்மா. வேற என்ன சொல்லச் சொல்றே? உண்மையைச் சொன்னா அவ அங்கயே அழுவா. ஆட்டம் பாட்டமெல்லாம் கெட்டுடும், வந்தவங்க மூஞ்சி சுருங்கிடும். உன் அம்மாவாலதான் இப்படின்னு அவளை ஒரு சொல்லு சொல்லுவாங்க. அதுக்கு இது தேவலாம். அவ கேட்டாளே, பார்த்தியா? எங்கம்மா இருக்கேன்னு கேட்டா. கொஞ்சம் நேரமாச்சு, அவ்வளவுதான். புள்ளைங்களை வச்சுக்கிட்டு அவளுக்கு மட்டும் கை ஒழியுமா?

இல்ல, அழல. ஜன்னல் காத்து.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், சொல்லாம இறங்கினா எனக்குச் சோறு இறங்காது. வேற யாராலயாவது உனக்கு இடம் போயிருந்தா, கூட்டத்துல இதெல்லாம் சகஜம்னு விட்டுடலாம். ஆனா நான் பண்ணது கூட்டத்தால இல்ல. நான் உன்னைப் பார்த்தேன், பாப்பாவைப் பார்த்தேன், பார்த்துட்டேதான் கையை நீட்டினேன். என்னை மன்னிச்சுடும்மான்னு கேக்க எனக்கு வாய் வரல. கேட்டா நீ சரிக்கான்னு சொல்லிடுவே. அப்படிப்பட்டவ நீ. அதான் கேக்கல.

சாயங்காலம்தான் இப்ப எனக்குப் பயமா இருக்கு. எல்லாரும் வந்து உட்கார்ந்து, "சம்பந்தி, நீங்க என்ன பார்த்தீங்க, எதுல ஏறினீங்க"ம்பாங்க. நான் என்னத்தைச் சொல்றது? ரோட்டுலேர்ந்து தெரிஞ்ச ராட்டினத்தோட தலையைத் தவிர நான் ஒண்ணும் பார்க்கல. உன்னைக் கேக்கலாம்னா, நீயும் உள்ள போகல. போக விடாததே நான்தான். நல்லா இருக்குல்ல கதை?

அட, முழிச்சிட்டியா கண்ணு? நாங்க பேசிப் பேசி எழுப்பிட்டோமா? என்னது? சத்தமாச் சொல்லு, பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம். உள்ள என்னென்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா? போன்ல பார்த்து எல்லாம் மனப்பாடமா? இரும்மா, நீ அவளை அதட்டாத. அவளாத்தானே சொல்ல வர்றா.

சொல்லு கண்ணு. உன் பேரு என்ன சொன்னே, தன்ஷிகாவா? சொல்லு, உள்ள நுழைஞ்சதும் என்ன இருக்கும்? ஓ, மீன் வாய் மாதிரி ஒரு வாசலா? அதுக்குள்ள போகணுமா? அப்புறம் மணி அடிச்சா கடல் மாதிரி அலை வருமா? ஐயோ, தள்ளிடாதா? கம்பியப் பிடிச்சுக்கணுமா. சரி, பிடிச்சுக்கறேன். அப்புறம் ராட்டினமா? மேல போனா அழக் கூடாதா? மாட்டேன், அழ மாட்டேன்.

இரு இரு, முதல்லேர்ந்தா? கவுண்டர்லேர்ந்தே ஆரம்பிக்கணுமா? சரி, நீயே வாங்கு. எத்தனை டிக்கெட்டு? மூணா? ரெண்டுதானே கண்ணு வரும், உனக்கும் உங்க அம்மாவுக்கும். மூணாவது யாருக்கு?

எனக்கா?